உப்புக் காற்றும் பழைய கணினியும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பழைய கணினி ‘பீப் பீப்’ என்று கத்தினால் உடனே கடைக்குத் தூக்கத் தேவையில்லை. கடலோர ஊர், ஈர உப்புக் காற்று ரேமின் தொடுமுனைகளை மெல்ல அரிக்கும். மின் வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அந்த முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மீண்டும் பூட்டினால் பல வேளைகளில் பெட்டி உயிர்த்துவிடும்.

திகதி ஒவ்வொரு முறையும் பின்னால் போகிறதா? மதர்போர்டின் வட்டப் பற்றரி தீர்ந்திருக்கும்.

இயங்குதளம்தான் பெரிய தலையிடி. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பழைய பெட்டியில் அதற்கு எங்கே போவது? இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் போதும், 4 இருந்தால் சுகம். நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.