குறட்டையும் மூச்சுத் தடையும்

குறட்டை விடுவோரெல்லாம் நோயாளிகள் அல்லர். ஆயினும், குறட்டை ஒலி திடீரென நின்று, அறை நிசப்தமாகி, சற்றுப் பொறுத்து ஒரு திணறலுடன் மூச்சு மீளுமாயின் அதனைப் புறக்கணித்தல் தகாது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதே இதற்குக் காரணம். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், மருத்துவர்கள் அதனைத் தடை எனக் கணக்கிடுகின்றனர்.

இது யாருக்கு நேரக்கூடும்? 2008ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் எட்டு வினாக்களை வகுத்தளித்தனர். உரத்த குறட்டை, பகற்களைப்பு, உறக்கத்தில் மூச்சு நின்றதைப் பிறர் கண்டமை, இரத்த அழுத்த நோய், மிகுந்த பருமன், 50க்கு மேற்பட்ட வயது, தடித்த கழுத்து, ஆணாக இருத்தல் ஆகியவை பற்றியன அவை. மூன்றுக்கேனும் 'ஆம்' என விடை வருமாயின் மருத்துவரைக் காண்பது நன்று. மெலிந்தவர் தப்பினார் என்று கொள்வதற்கில்லை. தாடை சிறுத்துப் பின்தள்ளியிருப்பினும் பாதை குறுகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அபாயம் கூடுகிறது. மதுவும் சிலவகைத் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவன.

மூன்றாம் வினாவுக்கு உறங்குபவர் தாமே விடை கூற இயலாது. பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் தனியறையில் வசிக்கும் நம்மவர்க்குச் சாட்சி ஏது? விடுமுறையில் ஊர் செல்லுங்கால் வீட்டாரைக் கவனிக்கச் சொல்லலாம். நெடுந்தூர ரயிலில் எதிர்ப் படுக்கைக்காரர் காலையில் முணுமுணுப்பாராயின், சினவாது அவரிடமே விவரம் கேட்டறியலாம்! விழித்தெழும்போது தலைவலியும் வாய் உலர்தலும் இருப்பின் அவற்றையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். பகலில் தம்மையறியாது கண்ணயர்பவர், சிகிச்சையால் நிலை சீராகும்வரை வாகனம் ஓட்டலாகாது.