பக்கத்தின் தலையெழுத்து!

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, ஜாவாவா பைத்தானா என்று கனவோடு போய் உட்கார்ந்தால், "உனக்கு மெயின்ஃப்ரேம்" என்று சொல்லிவிடுவார்கள். முகம் தொங்கிப் போகும். "தாத்தா காலத்து மெஷின்ல என்னடா பண்றது?" என்று ஹாஸ்டல் நண்பனுக்கு போன் பறக்கும்.

அவசரப்படாதீங்க பாஸ்! பெரிய வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பலவற்றின் கணக்குவழக்கு இன்னைக்கும் அதுலதான் ஓடுது. கத்தை கத்தையாக ஸ்டேட்மென்ட் பிரின்ட் ஆகி வெளியே வருவதும் அங்கிருந்துதான். அங்கே ஒரே ஒரு எழுத்து தப்பினா என்ன ஆகும் தெரியுமா?

ஓட்டைதான் அடையாளம்!

1959-ல் 1401 கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது ஐபிஎம் 1403 பிரின்ட்டர். அதன் மாடல் 2-வில் வரிக்கு 132 எழுத்து, நிமிஷத்துக்கு 600 வரி. இரண்டு ஓரமும் துளை போட்டு, விசிறி மாதிரி மடித்த நீளப் பேப்பர். சரி, பக்கம் எங்கே ஆரம்பிக்குதுன்னு பிரின்ட்டருக்கு எப்படித் தெரியும்?

அதுக்குத்தான் ஒரு டேப். பக்கத்தின் நீளத்துக்குத் தகுந்தபடி வெட்டி, முனைகளை ஒட்டி, வளையமாக மாட்டுவார்கள். அதில் 12 சேனல். முதல் சேனலில் ஓட்டை இருக்கும் இடம்தான் பக்கத்தின் ஆரம்பம். "4-வது சேனலுக்குத் தாவு" என்று புரோகிராம் சொல்லி, டேப்பில் அந்த ஓட்டை இல்லைன்னா... பேப்பர் நிற்காம கொட்டும்! பிற்பாடு டேப் போய், அந்த வேலை எஃப்சிபி என்கிற மெமரிக்கு வந்தது.

முதல் கட்டம் உங்களுக்கு இல்லை!

132 எழுத்து அச்சிட, புரோகிராம் 133 எழுத்து அனுப்பும். முதல் எழுத்து அச்சாகாது. அது பேப்பருக்கான உத்தரவு. காலியாக விட்டால் ஒரு வரி நகரும். 0 என்றால் இரண்டு வரி, மைனஸ் என்றால் மூன்று வரி. பிளஸ் என்றால் நகராமல் அதே வரி மேலேயே அடிக்கும். 1 என்றால் புதுப் பக்கம். நிஜமாவே தலையெழுத்துதான்!

பழைய ஃபோர்ட்ரானில் இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1500 என்ற விடையை முதல் கட்டத்திலிருந்தே எழுதினால், 1 காணாமல் போய், புதுப் பக்கத்தில் வெறும் 500 நிற்கும். ஆயிரம் ரூபாய் அவுட்! (ஃபோர்ட்ரான் 2003 தரம் இந்த வழக்கத்தையே நீக்கிவிட்டது.) கோபாலில் அந்தத் தொல்லை கம்மி. சரோஜாதேவி கூப்பிடும் கோபால் இல்லீங்க, கம்ப்யூட்டர் கோபால்! "அட்வான்ஸிங் பேஜ்" என்று எழுதினால் அந்த 1-ஐ அதுவே போட்டுக்கொள்ளும்.

முதுகில் யார் கணக்கு?

1976-ல் ஐபிஎம்மின் முதல் 3800 லேசர் பிரின்ட்டர், அமெரிக்காவின் மில்வாக்கியில் உள்ள உல்வொர்த் கம்பெனி டேட்டா சென்டரில் நிறுவப்பட்டது. 1980-களில் ஏஎஃப்பி என்ற முறை வந்தது. அதில் வேலை இரண்டாகப் பிரிந்தது. எந்த வரி எங்கே, எந்த எழுத்துருவில் என்பதை பேஜ்டெஃப் பார்த்துக்கொள்ளும். எந்தத் தட்டிலிருந்து பேப்பர் எடுப்பது, ஒரு பக்கமா இரு பக்கமா என்பதை ஃபார்ம்டெஃப் பார்த்துக்கொள்ளும். பழைய புரோகிராமைத் தொடாமலே ஸ்டேட்மென்ட்டின் தோற்றத்தை மாற்றலாம்.

ஆபத்தும் இங்கேதான். பேப்பரை மிச்சம் பிடிக்க, ஃபார்ம்டெஃபில் இரு பக்க அச்சு என்று மாற்றுகிறீர்கள். முதல் வாடிக்கையாளருக்கு 3 பக்கம். அடுத்தவரின் ஆரம்பத்தில் புரோகிராம் சமர்த்தாக 1 போடுகிறது. ஆனால் 1 என்றால் புதுப் பக்கம்தானே தவிர, புதுத் தாள் இல்லையே! முதல்வரின் 3-ம் பக்கத்து முதுகில் இரண்டாமவர் பேங்க் பேலன்ஸ் அச்சாகி, ஒரே கவரில் கிளம்பிப் போகும். பிரின்ட்டர் அழாது. ஜாப் ரிட்டர்ன் கோடும் சமர்த்தாக 0 காட்டும்.

தீர்வு? கணக்கு எண் மாறினால் புதுத் தாளில் தொடங்கு என்று பேஜ்டெஃபில் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். டெஸ்ட் பண்ணும்போது எல்லாருக்கும் 2 பக்கம், 4 பக்கம் டேட்டா கொடுத்தால் தப்பு தெரியவே தெரியாது. 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் கொடுத்துப் பாருங்கள்.

பக்கம் வேற, தாள் வேற. இது புரிஞ்சவனுக்கு மெயின்ஃப்ரேம் தாத்தா செல்லத் தாத்தா! ஸ்க்ரீன்ல 0 பார்த்ததும் கிளம்பிடாதீங்க ஃப்ரெஷர்ஸ்... ஒரு தடவை பேப்பரைத் திருப்பிப் பாருங்க!