‘கேஷ்’ என்னும் இரு சொற்கள்

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல், பெட்டி எனப் பொருள்படும் ‘காப்ஸா’ என்னும் லத்தீன் சொல்லில் வேர்கொண்டு, பிரெஞ்சு, இத்தாலிய வடிவங்களின் வழியே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தது. பணப்பெட்டியின் பெயர் நாளடைவில் அதனுள் இருந்த பணத்துக்கே வழங்கலாயிற்று. தமிழ் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும். மருந்துக் குளிகையான ‘கேப்ஸ்யூல்’ என்பதும் இவ்வேரினதே.

ஆனால் அகராதிகள் தனிச்சொல்லாகவே பதிவுசெய்யும் மற்றொரு ‘கேஷ்’ உண்டு என்பதும், அது நம்முடைய ‘காசு’ என்பதும் தமிழர் பலரும் அறிந்திராத, அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். தமிழகக் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர், சிறு நாணயத்தைக் குறித்த இச்சொல்லைத் தம் மொழியில் பெட்டியைக் குறித்த ‘காய்ஷா’ என்னும் சொல்லின் வடிவிலேயே வழங்கினர். அவர்களிடமிருந்து அதைப் பெற்ற ஆங்கிலேயர், நடுவே சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசுகளையும் அப்பெயராலேயே அழைத்தனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கணக்கு முறைப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; 1803ஆம் ஆண்டிட்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சிடப்பட்ட கம்பெனியின் செப்பு நாணயங்களில் ‘கேஷ்’ என்றே பொறிக்கப்பட்டிருந்தது.