பவுலடியாரின் வழித்துணைவர்

கிறித்தவ சமயம் தோன்றிய முப்பது ஆண்டுகளுக்குள்ளாகவே சிரியா, சின்ன ஆசியா, கிரேக்கம் ஆகிய நாடுகளிற் பரவி உரோமாபுரியையும் எட்டிவிட்டது. இப்பரவலைக் கூறுவோர் பெரும்பாலும் பவுல் என்னும் ஒருவரையே முன்னிறுத்துவர். தமிழ்க் கத்தோலிக்கர் பழைய நூல்களிற் சின்னப்பர் என வழங்கியவரும் இவரே. ஆயினும், இவர்தம் பயணங்களை விவரிக்கும் 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்னும் நூலையும், இவர் எழுதிய திருமுகங்களையும் ஊன்றிப் படிப்பார்க்கு வேறொரு காட்சி புலனாகும். பவுல் தனித்து நடந்த வழி மிகக் குறைவு. உடன் சென்றவர் ஏவலாளர் மட்டும் அல்லர், பணியின் பங்காளிகள்.

இருவர் இருவராக

இயேசு தம் சீடரை ஊர்களுக்கு இருவர் இருவராக அனுப்பினார் என்று நற்செய்தி நூல்கள் கூறும். இதற்குத் தக்க காரணம் உண்டு. கள்வர் பயமும் நோயும் நிறைந்த நெடுவழியில் துணை இன்றியமையாதது. மேலும், இருவர் மூவர் சாட்சியினாலேயே ஒரு செய்தி நிலைபெறும் என்பது யூதர் மறைநூல் விதி. ஆகவே துணைவர் பாதுகாப்பாகவும் சான்றாகவும் விளங்கினார்.

பவுலுக்கு வாய்த்த முதல் துணைவர் சைப்ரசுத் தீவினராகிய பர்னபா. கிறித்தவரைத் துன்புறுத்தியவர் என்று எருசலேமில் எல்லாரும் பவுலை அஞ்சி விலகியபோது, அவருக்காகப் பரிந்து பேசியவர் பர்னபாவே. பின்னர் அவரைத் தர்சு நகரிலிருந்து தேடி அழைத்து வந்து அந்தியோகியாவிற் பணியில் அமர்த்தியவரும் அவரே. இருவரும் லீஸ்திராவுக்குச் சென்றபோது, அவ்வூரார் பர்னபாவைத் தலைமைத் தெய்வமாகிய சீயசு என்றும், பேச்சில் முந்தி நின்ற பவுலை அத்தெய்வத்தின் தூதனாகிய எர்மசு என்றும் மயங்கினர். அன்று கண்டவர் கண்ணுக்குத் தலைவராகத் தோன்றியவர் பர்னபாவே என்பது கருதத்தக்கது.

மாற்கினால் எழுந்த பூசல்

அம்முதற் பயணத்தில் யோவான் மாற்கு என்பவரும் உதவியாளராகச் சென்றார். சைப்ரசைக் கடந்து பெர்கே வந்ததும் அவர் எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். காரணம் நூலிற் கூறப்படவில்லை. ஏறத்தாழக் கி.பி. 49-இல் அடுத்த பயணம் தொடங்கும்போது மாற்கை மீண்டும் அழைத்துச் செல்லப் பர்னபா விரும்பினார். இடையில் விட்டுப் போனவர் வேண்டா எனப் பவுல் மறுத்தார். பூசல் முற்றி இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்கோடு சைப்ரசுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவைச் சேர்த்துக்கொண்டு தரைவழியே சென்றார். நடபடிகளின் ஆசிரியர் இப்பிணக்கை மறைக்காமல் எழுதியிருப்பது அந்நூலின் நேர்மைக்கு ஒரு சான்றாகும்.

லீஸ்திராவில் தீமோத்தேயு என்னும் இளைஞர் அவர்களோடு சேர்ந்தார். துரோவாத் துறைமுகத்தில் கதைப்போக்கே மாறுகின்றது. அதுவரை 'அவர்கள்' எனப் படர்க்கையிற் கூறிவந்த நூல், அங்கே 'நாங்கள்' எனத் தன்மைப் பன்மைக்கு மாறுகின்றது. இத்தன்மைப் பகுதிகளை எழுதியவர் பவுலுடன் சென்ற மருத்துவர் லூக்கா என்பது திருச்சபை மரபு. இறுதியில் பவுல் கைதியாக உரோமாபுரிக்குச் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தனர் என எண்ணிக்கையோடு குறிப்பதும் அத்தகைய பகுதியே.

திருமுகம் எழுதினோரும் சுமந்தோரும்

உரோமப் பேரரசின் அஞ்சல் அரசுப் பணிக்கு மட்டுமே உரியது. தனிமக்கள் மடலைக் கொண்டுசெல்ல நம்பிக்கைக்குரிய ஆள் வேண்டும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைச் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. தம் பெயரையும் வணக்கத்தையும் அவர் அதன் இறுதியிற் பொறித்துள்ளார். அதே திருமுகம் கெங்கிரேயாச் சபையின் தொண்டராகிய பெபேயாள் என்னும் பெண்மணியை ஏற்று உதவுமாறு வேண்டுகின்றது. அவரே அதனை உரோமாபுரிக்குக் கொண்டுசென்றார் என்று அறிஞர் பலர் கருதுவர்.

பவுலே எழுதியவை என அறிஞர் ஒருமனதாக ஏற்கும் திருமுகங்கள் ஏழு. அவற்றுள் ஐந்தன் தொடக்கத்தில் பவுலோடு வேறு பெயர்களும் உள்ளன. நான்கில் தீமோத்தேயுவின் பெயர் காணப்படுகின்றது. பவுல் செல்ல இயலாத வேளையில் தெசலோனிக்கேயருக்கு ஊக்கமூட்டச் சென்றவரும் தீமோத்தேயுவே. கொரிந்துச் சபையோடு ஏற்பட்ட மனத்தாங்கலின்போது அங்குச் சென்று, நல்ல செய்தியோடு திரும்பியவர் தீத்து. பிலிப்பியர் அனுப்பிய பொருளைச் சிறையிலிருந்த பவுலிடம் சேர்த்த எப்பாப்பிரோதீத்து, அப்பணியில் நோயுற்றுச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.

பொதுப்பணமும் சான்றும்

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் கிரேக்க நாட்டுச் சபைகளிற் பணம் திரட்டினார். அதனைக் கையாள்வதில் எவரும் தம்மீது குறை கூறலாகாது என்பதற்காக, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டதாக அவரே எழுதுகின்றார். எருசலேம் நோக்கிய கடைசிப் பயணத்தில் அவருடன் சென்ற எழுவரின் பெயரையும் ஊரையும் நடபடிகள் பட்டியலிடுகின்றது. அவர்கள் அப்பணத்திற்குரிய சபைப் பிரதிநிதிகள் என்பது ஆராய்ச்சியாளர் பலர் முடிவு. பெயர் பெற்ற தலைவரும் தம் கணக்கைப் பிறர் காணும்படி வைக்க வேண்டும் என்னும் நெறி அன்றே பேணப்பட்டது.

மீண்டும் மாற்கு

இடைவழியில் திரும்பியவர் எனத் தள்ளப்பட்ட மாற்கு என்ன ஆனார்? பவுல் சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதிய சிறு திருமுகத்தின் முடிவில், தம் உடன்வேலையாட்கள் என நால்வரை வரிசைப்படுத்துகின்றார். அவ்வரிசையில் முதற்பெயர் மாற்கு. கடைசிப் பெயர் லூக்கா. கொலோசெயருக்கு எழுதிய திருமுகம், இந்த மாற்கு பர்னபாவின் உறவினர் எனக் குறித்து, அவர் வந்தால் ஏற்றுக்கொள்ளுமாறும் பணிக்கின்றது. திருச்சபை மரபு இரண்டாம் நற்செய்தி நூலை அவருக்கே உரியதாக்கும்.

எல்லாரும் அஞ்சிய பவுலை முதலில் நம்பியவர் பர்னபா. பவுல் நம்ப மறுத்த மாற்கையும் நம்பியவர் அவரே. அந்நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு, பவுலின் திருமுகத்தில் இடம்பெற்ற அந்த ஒரு பெயரே சான்று.