அந்தமான் நினைவுச் சிறையைக் காணச் செல்வோர்க்கு



திருத்தலம் ஒன்றுக்குப் புறப்படுமுன் அதன் தலவரலாற்றைக் கேட்டறிந்து செல்வது நம் முன்னோர் வழக்கம். நாட்டு நினைவுச் சின்னங்களைக் காணச் செல்வோரோ பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் பற்றிக் கொள்ளும் கவலையில் ஒரு சிறு பங்கையேனும் அவ்விடத்தின் வரலாற்றில் செலுத்துவதில்லை. இந்தியாவின் தேசிய நினைவுச் சின்னமாக விளங்கும் அந்தமான் செல்லுலார் சிறையைக் காண விரும்புபவர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும் என்பதை இன்று எடுத்துரைக்க எண்ணுகின்றேன்.

முதலிற் பயணத்தைப் பற்றிக் கூறுவோம். சிறை அமைந்துள்ள நகரம் போட் பிளேயர். 2024ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் இடப்பட்டது. இலங்கையிலிருந்து செல்வோர் இந்திய விசாவைப் பெறுவதோடு, அந்தமானுக்குச் செல்லும் வெளிநாட்டவர்க்குரிய விதிகளையும் முன்கூட்டியே விசாரித்தறிதல் நன்று. சென்னையிலிருந்து வானூர்தியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட் பயணம். மழை குறைந்த சனவரி முதல் ஏப்பிரல் வரையுள்ள காலம் ஏற்றது. வசதியுள்ளவர் ஒரு வழியேனும் கப்பலிற் செல்லலாம். கைதிகளும் கடல்வழியேதான் கொண்டுசெல்லப்பட்டனர். கடல் கடந்தாற் சாதி கெடும் என்று அஞ்சிய அக்காலத்தில், கருநீர் எனப் பொருள்படும் ‘காலாபாணி’ என்ற சொல்லே மக்களை நடுங்கச் செய்தது. கரை மறைந்து நாற்புறமும் நீரே தெரியும்போது அவ்வச்சத்தின் பொருள் ஒருவாறு விளங்கும்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பின், 1858இல் ஆங்கில அரசு அந்தமானிற் கைதிகளின் குடியேற்றத்தைத் தொடங்கிற்று. நாம் காணச் செல்லும் கட்டடம் அதற்குப் பிற்பட்டது. 1896இல் வேலை ஆரம்பமாகி 1906இல் முடிவுற்றது. பர்மாவிலிருந்து செங்கல் வந்தது. கைதிகளே உழைத்துக் கட்டினர். நடுவில் ஒரு கோபுரமும், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரியும் மூன்று மாடிகள் கொண்ட ஏழு கட்டடங்களுமாக அது அமைந்தது. ஏறத்தாழ 700 அறைகள், அறைக்கு ஒருவர். இவ்வறைகளாலேயே சிறைக்கு ‘செல்லுலார்’ என்னும் பெயர் வந்தது.

இதன் அமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு கட்டடத்தின் முன்புறம் அடுத்த கட்டடத்தின் பின்புறத்தையே பார்த்து நிற்கும். ஆகவே ஒரு கைதி வேறொரு கைதியின் முகத்தைக் காண வழியில்லை. கதவின் தாழ்ப்பாள் உள்ளிருப்பவன் கைக்கு எட்டாவண்ணம் புறச்சுவரிற் பதிக்கப்பட்டுள்ளது. வெளிச்சம் வருவதற்கு உயரத்தில் ஒரு சிறு சாளரமே உண்டு. சாவர்க்கர் உடன்பிறந்தார் இருவரும் இச்சிறையிலேயே இருந்தும், ஒருவர் இருப்பதை மற்றவர் நெடுநாள் அறியாதிருந்தனர் என்று கூறப்படுகின்றது. மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துவைப்பதே இச்சிறை தந்த முதல் தண்டனை. ஆதலால் கூட்டத்தோடு விரைந்து நடந்துவிடாமல், யாரேனும் ஓர் அறைக்குள் தனியே நுழைந்து, கால்மணி நேரமாவது பேசாதிருந்து பாருங்கள்.

பகலிற் செக்கு வேலை. நாளொன்றுக்கு 30 இறாத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டித் தருதல் வேண்டும், குறைந்தால் தண்டனை. இத்தகைய கொடுமைகளை எதிர்த்து 1933இற் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தனர். வற்புறுத்தி உணவு புகட்டப்பட்டபோது மகாவீர் சிங் முதலிய மூவர் உயிர்துறந்தனர். 1937இல் மீண்டும் உண்ணாவிரதம் நிகழ்ந்தது. அதன்பின் அரசியற் கைதிகள் இந்தியப் பெருநிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பிரித்துவைக்கவே கட்டப்பட்ட சுவர்களுக்குள் இருந்தவர்கள் ஒன்றுபட்டு நின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போதுதான் இந்நினைவுச் சின்னத்தின் பெருமை புலனாகும்.

இன்று எஞ்சியிருப்பவை மூன்று கட்டடங்களும் நடுக்கோபுரமுமே. மற்றவை பல காலங்களில் அழிந்தன. விடுதலைக்குப் பின்னரும் இடிப்பு வேலை நடந்தது. அவ்வளவில் அங்கே ஒரு வைத்தியசாலையும் எழுந்தது. முன்னாட் கைதிகள் கிளர்ந்தெழுந்து வேண்டியதனாலேயே எஞ்சியவை காக்கப்பட்டு, 1979ஆம் ஆண்டு பெப்புருவரி 11ஆந் திகதி தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. எனவே இருப்பதைக் கண்டபின், இல்லாமற்போன கட்டடங்கள் நின்ற திசைகளையும் ஒருமுறை நோக்குங்கள்.

கல்வெட்டுகளிற் பெயர் பொறிக்கப்பட்டோரை வணங்குவது நம் கடமை. அவர்களோடு பெயர் பொறிக்கப்படாதோரையும் நினைத்தல் தகும். செங்கல் சுமந்த சாதாரணக் கைதிகளும் இங்கு வாடினர். 1942 முதல் 1945 வரை யப்பானியர் ஆண்டபோது தீவு மக்கள் இதே சிறையில் வதைக்கப்பட்டனர். வைத்தியரும் கவிஞருமான திவான் சிங் அவ்வாறு 1944இல் உயிரிழந்தார். ஆண்டவர் மாறியபோதும் சுவர் தன் வேலையைச் செய்தது.

இரண்டு நாட்களேனும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூடும் நாட்களை முன்னரே கேட்டறிந்து, முதல்நாட் காலையில் வெயில் ஏறுமுன் சிறைக்குட் செல்லுங்கள். முதியோரை அழைத்துச் செல்வோர் மாடிப்படிகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். மாலையில் முற்றத்தில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலேயே அது நடைபெறுவதால், உடன்வரும் பிள்ளைகளுக்குக் கதையை முன்பே தமிழிற் சொல்லிவைத்தல் நலம். மறுநாள், ஆங்கில அதிகாரிகள் வாழ்ந்த பழைய ரோஸ் தீவைப் படகிற் சென்று காணலாம். சிறையின் அறையையும் அதிகாரிகளின் மாளிகை இடிபாடுகளையும் அடுத்தடுத்துக் காண்பவர்க்கு அக்கால ஆட்சியின் இயல்பை விளக்க வேறு நூல் வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது சங்கும் சிப்பியும் வாங்கி வராவிடினும் குறைவில்லை. அங்கு வாழ்ந்தவருள் ஒருவரது பெயரையேனும் மனத்திற் பதித்துக்கொண்டு வந்து, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அச்சிறை மனிதரை மறக்கச் செய்வதற்காகக் கட்டப்பட்டது. அவர்களை நினைந்து சொல்லும் ஒவ்வொரு வாயும் அந்நோக்கத்தைத் தோல்வியுறச் செய்கின்றது.