கணனியை மாற்றலாம், கணக்கை இழக்கலாகாது

தோட்டமும் வயலும் செய்து வாழ்ந்த எமது குடும்பங்கள் பல, இடப்பெயர்வின் பின் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் பலசரக்குக் கடை, மா அரைக்கும் ஆலை, சாப்பாட்டுக் கடை என்று தொழில் தொடங்கி நிலைத்துவிட்டன. கடை சற்று வளர்ந்ததும் ஒரு கணனி வாங்கி, கணக்கு எழுத மென்பொருளும் செய்வித்தோர் உண்டு. அவை இன்று பழசாகிவிட்டன. புதியது வாங்கப் பணம் போதாது. பழையதோடு காலந்தள்ளவும் பயம். இந்நிலையில் உள்ளவர்களுக்காகச் சில விளக்கங்களைத் தருகிறோம்.

பழையது ஏன் நின்றுவிடுகிறது?

மென்பொருள் தேய்வதில்லை. அதைச் சுற்றியுள்ளவை மாறுகின்றன. டொஸ் காலத்து மென்பொருள்கள் 64 பிட் விண்டோசில் நேரடியாக இயங்கமாட்டா. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மாத்திரமே கிடைக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றன.

வரியும் மாறியது. பெறுமதி சேர் வரி 2022 யூனில் 8இலிருந்து 12 வீதமாகவும், செப்ரெம்பரில் 15 வீதமாகவும், 2024 சனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. வரி வீதத்தை மென்பொருளின் உள்ளேயே பதித்து எழுதியவர் வெளிநாடு போய்விட்டால், அதைத் திருத்த ஆளில்லை. இவ்வரிக்குப் பதிவு செய்யாத சிறு கடைக்கு அக்கவலை இல்லை; அவசரமும் அந்தளவுக்குக் குறைவு.

காக்க வேண்டியது எது?

கலப்பை உடைந்தால் இன்னொன்று செய்யலாம். விதைநெல் போனால் அடுத்த போகம் இல்லை. மென்பொருள் கலப்பை, கணக்கே விதைநெல். யார் எமக்கு எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், கடையில் என்ன சரக்கு உண்டு என்பவை அழிந்தால் எந்தப் புதிய மென்பொருளும் அவற்றை மீட்டுத் தராது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது காணி உறுதியைக் கையோடு எடுத்து வந்தவருக்கும் விட்டு வந்தவருக்கும் பின்னர் இருந்த வேறுபாட்டை நாம் அறிவோம். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருப்பது எக்காலத்திலும் ஆபத்தே. ஆகவே, கையிலுள்ள சிறு பணத்தை முதலில் கணக்கைக் காப்பதற்கே செலவிடுங்கள்.

செய்யும் ஒழுங்கு

முதலாவது, பழைய கணனியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் பிரதி எடுங்கள். ஒன்றைக் கடையிலும் மற்றதை நம்பிக்கையான வேறொரு வீட்டிலும் வையுங்கள். பிரதி எடுத்தால் போதாது. அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, பரீட்சை மீதி, கடன்பட்டோர் பட்டியல், கடன்கொடுத்தோர் பட்டியல், சரக்கு இருப்பு ஆகிய நான்கையும் தாளில் அச்சிடுங்கள். மாற்றம் சரியா பிழையா என்று பின்னர் ஒப்பிடுவதற்கு இவையே சாட்சி.

மூன்றாவது, பழைய கோப்பை வாசிக்க வழி தேடுங்கள். அக்காலத்தில் டீபேஸ், பொக்ஸ்புரோ ஆகியவற்றில் செய்த மென்பொருள்கள் ஏராளம். அவற்றின் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் அட்டவணையாகத் திறக்கலாம். பெயர்களைத் தமிழில் பதித்திருந்தால் ஒரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். அதனை யூனிகோட் முறைக்கு மாற்றவேண்டும். அதற்கும் இலவச மாற்றிகள் உள்ளன.

நான்காவது, இருபது வருடக் கொடுக்கல் வாங்கலையும் புதியதற்குக் கொண்டுபோக முயலாதீர்கள். கூலி பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 1ஆந் திகதிக்குரிய தொடக்க மீதிகளை மாத்திரம் பதிந்தால் போதும். பழைய கணனியை இணையத்திலிருந்து துண்டித்து, பார்ப்பதற்கு மட்டும் வைத்திருங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

1998இல் முதல் நிலையான பதிப்பு வந்த க்னூகாஷ் இலவசமானது. இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைக்கும். ஆனால் சரக்கு இருப்பை அது பார்க்காது. வரவு செலவும் கடனும் மட்டும் எழுதும் கடைக்கு அது போதும். பெங்களூரில் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் டாலி சரக்கிருப்பையும் பார்க்கும். அதற்குப் பணம் கட்டவேண்டும். இணையவழி மென்பொருளுக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. அது டொலரிலா ரூபாயிலா என்று முதலில் கேளுங்கள். 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதை மறக்கவேண்டாம். கட்டணம் கட்டத் தவறினால் எமது கணக்கை வெளியே எடுக்கமுடியுமா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒரே நாளில் மாறவேண்டாம்

பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய தொகுதிக்கு மாற்றியது. தொகுதி தடுமாறியதால் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்கைப் பார்க்கமுடியாது தவித்தனர். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடி 86 இலட்சம் பவுணுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. பெரும் பணமும் நிபுணரும் உள்ள இடத்திலேயே அவ்வாறெனில், நாம் எவ்வளவு நிதானமாக இருக்கவேண்டும்! மூன்று மாதங்களுக்குப் பழையதிலோ கொப்பியிலோ கணக்கைத் தொடர்ந்து எழுதுங்கள். மாத முடிவில் இரண்டின் மீதிகளையும் ஒப்பிடுங்கள். மூன்று மாதமும் சதம் பிசகாமல் ஒத்துவந்தால் பழையதை நிறுத்தலாம்.

கடைசியாக, புதிய கணக்குத் தொடங்கும் நாளில் கடன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மீதியைக் காட்டி, இரு பகுதியாரும் கையொப்பம் இடுங்கள். ஊரை விட்டு வந்தும் ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுத்து வாங்கும் எம்மவரிடையே, பின்னர் எழக்கூடிய மனக்கசப்பை அந்த ஒரு தாள் தடுக்கும். அதற்குச் செலவும் இல்லை.