அம்மாவின் முதுகு

காலை எட்டு மணிக்கு அம்மாவைக் குளிக்க வார்ப்பேன். கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாளி, சவர்த் தண்ணீர். தொண்டைமானாற்று உப்பேரிக்குக் கிட்ட இருக்கிற எங்கள் கிணறு அப்படித்தான். அம்மா குறுக்குக்கட்டோடு குனிந்து இருப்பார். வயது 84. சவர்க்காரம் போடும்போது முள்ளந்தண்டின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்படும். மேல்கைத் தோல், கொடியில் போட்ட ஈரச் சேலை மாதிரி மடிந்து தொங்கும். சந்நிதிக் கோயிலில் மணி அடித்தால் வார்க்கிறதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கும்பிடுவார்.

முப்பது வருடம் நான் சித்திரம் படிப்பித்தவள். இந்த முதுகைக் கீறவேண்டும் என்று எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தோன்றியது. அதை நினைக்க இப்பவும் மனம் சங்கடப்படுகிறது.

வகுப்பில் "எங்கள் அம்மம்மா" என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஓர் இளம்பெண்ணைக் கீறி, தலைமயிரை மட்டும் வெள்ளையாக விட்டு, கையில் ஒரு பொல்லைக் கொடுத்துவிடுவார்கள். அவர்களில் பிழையில்லை. நாள்காட்டியில் லட்சுமிக்கு வயதே போவதில்லை. நகைக்கடை விளம்பரத்திலும் அப்படித்தான். வயதுபோன பெண்ணின் உடம்பைப் படமாக அவர்கள் கண்டதேயில்லை.

நான் முதலில் கண்டது பயிற்சிக் காலத்தில், ஒரு பழைய புத்தகத்தில். இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்கில் 1933இல் பாரிஸில் தீட்டிய ஓவியம். எங்களுக்குப் படிப்பித்தவர் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிட்டார். பிறகு நான் தனியாக இருந்து பார்த்தேன். உடுப்பில்லாமல் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். மெலிந்த தேகம், சோர்ந்து இறங்கிய தோள், தளர்ந்து தொங்கும் மார்பு. பார்ப்பவரை மயக்கும் எண்ணம் அவளிடம் துளியும் இல்லை. எப்போது எழும்பலாம் என்று காத்திருப்பவளைப் போல இருக்கிறாள். ஓவியத்தின் பெயர் 'தொழில்முறை மாடல்'.

அந்தப் பெயரை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓவியக் கல்லூரிகளில் மாணவர்கள் உடற்கூறு பழகுவதற்காகக் கூலிக்கு வந்து மணிக்கணக்கில் அசையாமல் இருப்பவர்கள் மாடல்கள். உடம்புதான் அவர்களுடைய முதல். அந்த முதல் தேய்ந்துகொண்டு போகிறபோதும் வந்து உட்காரத்தான் வேண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இப்படிப்பட்ட பெண்களை வைத்துத்தான் வீனஸைக் கீறினார்கள். சுருக்கத்தை அழித்து, வயிற்றை உள்ளே இழுத்து, கூலிக்காரியைத் தேவதையாக்கினார்கள். ஷேர்கில் அவளை அவளாகவே விட்டார். அப்போது அவருக்கு வயது 20. அதே வருடம் அவருடைய 'இளம் பெண்கள்' என்ற ஓவியம் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. இளமையைத் தீட்டத் தெரியாமல் அவர் முதுமைக்குப் போகவில்லை. 1941இல் லாகூரில் இறந்தபோது அவருக்கு 28 வயது. தன் முகத்தில் ஒரு சுருக்கத்தையும் அவர் பார்க்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி என்று சொல்பவர்களுக்குக் காரைக்கால் அம்மையாரைத்தான் காட்டுவேன். கணவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருக் கேட்டவர். சோழர் காலச் சிற்பிகள் அவரை எப்படி வடித்தார்கள்! விலா எலும்புகளை எண்ணலாம். மார்பு வற்றிக் கிடக்கிறது. கையில் தாளம், முகத்தில் ஆனந்தம். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் இருக்கிறார். எங்கள் நாட்டில் பொலநறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளிலும் அவருடைய வெண்கலப் படிமம் கிடைத்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அம்மையாரின் உடம்பு துறவின் உடம்பு, அதனால் கும்பிடுகிறோம். பாரிஸ் மாடல் எதையும் துறக்கவில்லை. அன்றைய கூலிக்கு வந்தவள். எங்கள் வீட்டு ஆச்சிமாரும் அவளைப் போலத்தான். அவர்களையும் அதே மரியாதையோடு பார்க்க எங்களுக்கு வரவேண்டும்.

அமெரிக்காவின் அலிஸ் நீல் இன்னும் ஒரு படி போனார். 80 வயதில் தன்னையே கீறினார். நீலக்கோடு போட்ட கதிரையில், மூக்குக்கண்ணாடி தவிர வேறொன்றும் அணியாமல், ஒரு கையில் தூரிகை, மறுகையில் துணித்துண்டு. 1975இல் தொடங்கி 1980இல்தான் முடித்தார். தன்னைப் பார்க்க அவருக்கே ஐந்து வருடம் தேவைப்பட்டது. அந்த ஓவியம் இப்போது வாஷிங்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது.

உங்களைக் கீறட்டுமா என்று நான் அம்மாவிடம் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த வத்தலில என்னத்தையடி கீறப்போறாய்? என்ர கலியாணப் படத்தைப் பாத்துக் கீறன்."

நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார்: "முகத்தைக் கீறாதை. முதுகெண்டாக் கீறு. அது எனக்கும் தெரியாது."

குளித்து முடிந்து வெயிலில் காய இருக்கிற அரை மணித்தியாலம்தான் எங்கள் நேரம். மூன்று பென்சில், ஒரு அப்பியாசக் கொப்பி. முதல் நாள் என் கை பழக்க தோஷத்தில் கோட்டை நேராக்கிவிட்டது. அழித்தேன். முள்ளந்தண்டு இடப்பக்கம் சாய்கிறது, சாய்வாகவே கீறினேன். பதினொரு தாள் ஆயிற்று. பதினோராவதை அம்மா வாங்கி மடியில் வைத்துக் கனநேரம் பார்த்தார். கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"என்ர அம்மாட முதுகு மாதிரி இருக்கு" என்றார்.

உங்கள் வீட்டில் ஆச்சி இருந்தால், பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து அவருடைய கையையாவது கீறச் சொல்லுங்கள். நரம்பு, சுருக்கம், வளைந்த விரல் எல்லாம் அப்படியே வரட்டும். தொடங்கும் முன் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.